விற்சுருளும் திணிவும்: மட்டக்களப்பு ஆய்வுகூட நாட்குறிப்பு

12 யூன் 2025, வியாழன்
உயர்தர மாணவருக்கான எளிய இசை இயக்கச் செய்முறைக்கு, அதாவது பாரம் தொங்கும் விற்சுருள் சீராக மேலும் கீழும் ஆடுவதை அளக்கும் செய்முறைக்கு, வில் தெரிவு. கல்லடிப் பக்க உப்புக் காற்றில் உருக்கு வில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். துருவேறிய சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் முதல் 20, 30 கிராமுக்கு வில் அசையாது. பாரத்தை எடுத்த பின் பழைய நீளத்துக்குத் திரும்பாத வில்லையும் ஒதுக்க வேண்டும். தேர்ந்த வில்: நீளம் 15 சென்ரிமீற்றர், திணிவு 30 கிராம். ஒவ்வொரு 50 கிராமுக்கும் 4.9 சென்ரிமீற்றர் நீள்கிறது. 50 கிராம் இழுக்கும் விசையான 0.49 நியூற்றனை 0.049 மீற்றரால் பிரித்தால் வில் மாறிலி (ஒரு மீற்றர் நீட்டத் தேவையான விசை) மீற்றருக்கு 10 நியூற்றன்.

13 யூன், வெள்ளி
50 கிராம் தொங்கவிட்டு நேராகக் கீழே இழுத்து விட்டாலும் சற்று நேரத்தில் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது. இழுத்த கையில் பிழை இல்லை. மேல்கீழ் அலைவுகாலம் (ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) ஏறத்தாழ 0.49 செக்கன். கொக்கியிலிருந்து பாரத்தின் நடு வரை 25 சென்ரிமீற்றர். அந்த நீள ஊசலின் காலம் 1.0 செக்கன். ஒன்று மற்றதன் இரட்டிப்பாக அமைந்தால் சக்தி மேல்கீழ் இயக்கத்திலிருந்து ஊசலுக்குப் போய்விடும். 100 கிராமிலிருந்து தொடங்கினால் இந்தத் தொல்லை விடும்.

தாங்கியை மேசையோடு இறுக்கிப் பூட்டவும். அது ஆடினால் அலைவுகாலமும் பிசகும். கச்சான் காற்று வீசும் நாட்களில் யன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும்.

17 யூன், செவ்வாய்
பாரம் ஓய்ந்து நிற்கும் மட்டத்தில் ஒரு ஊசியைக் கிடையாகப் பொருத்துங்கள். அலைவுகளை எண்ணுவது அந்த மட்டத்தில்தான், உச்சியில் அல்ல. உச்சியில் பாரம் கிட்டத்தட்ட நின்றுவிடும், கடந்த கணம் எதுவென்று கண் தடுமாறும். நடுவில் வேகம் உச்சம். வீச்சம் (நடுமட்டத்திலிருந்து உச்சி வரையான தூரம்) 3 சென்ரிமீற்றர், பாரம் 100 கிராம் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 29 சென்ரிமீற்றர்.

மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம் என்று எண்ணி, பூச்சியத்தில் கடிகாரத்தை அமுக்கவும். "ஒன்று" என்று தொடங்கி "இருபது" என்று நிறுத்தினால் கிடைப்பது 19 அலைவுகள். அதை 20 ஆல் பிரித்தால் அலைவுகாலம் 5 வீதம் குறையும், வில் மாறிலி 11 வீதம் கூடிவிடும். ஊசியை ஒரே திசையில் கடப்பதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

24 யூன், செவ்வாய்
வீச்சத்தைக் கூட்டினால் காலமும் கூடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். 2 சென்ரிமீற்றருக்கும் 4 சென்ரிமீற்றருக்கும் அளந்து காட்டுங்கள், ஒன்றாகவே வரும். தூரம் இரட்டித்தால் மீட்கும் விசையும் இரட்டிக்கிறது. புவியீர்ப்புக்கும் இங்கே இடமில்லை. அது சமநிலை மட்டத்தைக் கீழே இறக்குவதோடு சரி. சந்திரனிலும் இதே அலைவுகாலம்தான்.

26 யூன், வியாழன்
20 அலைவுகளுக்கு: 100 கிராம் 13.2 செக்கன், 200 கிராம் 18.2, 300 கிராம் 22.1. அலைவுகாலத்தின் வர்க்கத்தைத் திணிவுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்வு, அதாவது படித்திறன், 3.95. பை (π) இன் வர்க்கத்தின் நான்கு மடங்கை, அதாவது 39.5 ஐ, அதனால் பிரிக்க வில் மாறிலி 10 என்று வருகிறது. நீட்சியில் கண்ட அதே பெறுமானம்.

கோட்டை, இரு அளவுகளும் பூச்சியமாகும் உற்பத்திப் புள்ளிக்கூடாக வலிந்து இழுக்கக் கூடாது. இழுத்தால் வில் மாறிலி 9.6 ஆகக் குறையும். வில்லின் அடிச்சுற்றுகள் பாரத்தோடு முழு வேகத்தில் ஓடும், மேற்சுற்றுகள் அசைவது சொற்பம். கூட்டிப் பார்த்தால் வில்லின் திணிவில் மூன்றிலொரு பங்கு பாரத்தோடு சேர்கிறது. 30 கிராம் வில்லுக்கு அது 10 கிராம். கோடு திணிவு அச்சை வெட்டுவதும் −10 கிராமில்தான். அதற்கு இடம் விட்டு அச்சை −50 இலிருந்து தொடங்குங்கள்.