செஞ்சியில் மூச்சு வாங்கிய கதை

திருகோணமலையில் பிறந்தவனுக்குக் கோட்டை என்றால் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி, உள்ளே புள்ளிமான்கள், அவ்வளவுதான். போன மாதம் சென்னைக்குப் போனபோது மச்சான் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனான். அங்கே நாங்கள் ஏறிய ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். பாதிப் படியிலேயே தண்ணீர்ப் போத்தல் காலி, அதையும் ஒரு குரங்கு பறித்து மூடியைக் கடித்துப் பார்த்தது. உச்சிக்குக் கிட்ட ஒரு ஆழமான பிளவு, மேலே சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் ஒருவரும் ஏற முடியாது, 1677இல் சிவாஜி பிடித்த இந்தக் கோட்டைக்காக மொகலாயப் படை 1698 வரை ஏன் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது என்று அந்த இடத்தில்தான் விளங்கியது.

“எங்கட கோட்டைக்குள்ள ஓட்டோவிலேயே போகலாமடா” என்றேன். மச்சான் பதில் சொல்லவில்லை, அவனுக்கும் மூச்சு வாங்கியது. கீழே கல்யாண மகால் என்கிற பழைய கட்டடத்தைத் தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டோம்.