கேம்பர் டிரெய்லரின் கூரை ஏசியைக் கோடைக்கு முன் சரிபார்த்த அனுபவம்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியான எங்கள் கேம்பர் டிரெய்லர் குளிர்காலம் முழுவதும் ஓடாமல் நிற்பதால், கோடைப் பயணங்கள் தொடங்குவதற்கு முன் அதன் கூரை ஏசியைத் திறந்து சுத்தம் செய்துவிடுவது என் வழக்கம். சென்ற பருவத்தின் இறுதியில் ஏசி நிற்காமல் ஓடியும் உள்ளே போதிய குளிர்ச்சி வரவில்லை. கேஸ் குறைந்திருக்கும் என்றே பலரும் சொன்னார்கள். ஆனால் இவ்வகை ஏசிகளில் கேஸ் ஓடும் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்படுகின்றன. கேஸ் ஏற்றுவதற்கான வால்வுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. எங்காவது கசிந்தாலொழிய கேஸ் குறைய வழியில்லை என்பதால், முதலில் காற்றோட்டத்தைச் சந்தேகிப்பதே முறை என்று எண்ணி, இம்முறை கூரைக்கு மேலே உள்ளதோடு, அறைக்குள் ஏசிக்கு நேர்கீழே இருக்கும் உட்கூரைப் பெட்டியையும் கழற்றிப் பார்க்கத் தீர்மானித்தேன்.

வெளி மின்இணைப்பைப் பிடுங்கி, பிரேக்கரையும் அணைத்த பிறகே மேலே ஏறினேன். டிரெய்லர் கூரை எல்லா இடத்திலும் ஆள் எடையைத் தாங்காது. ஆகவே அகலமான பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு வேலை செய்தேன். பிளாஸ்டிக் மூடி ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்து நொறுங்கும் பதத்தில் இருந்ததால், ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் கழற்றாமல் சிறிது சிறிதாகத் தளர்த்தினேன். மூடியைத் தூக்கியதும், வெப்பத்தை வெளியேற்றும் குழாய்ச்சுருளான கண்டென்சர் காயிலின் ஓரத்தில் குளவி கட்டிய மண்கூடு ஒன்று கல்லைப் போல் இறுகி ஒட்டியிருந்தது. அதை நனைத்து ஊறவைத்து, மரக்குச்சியால் மெல்லப் பெயர்த்தேன். இரும்புக் கம்பியால் குத்தினால் கூட்டோடு சேர்ந்து காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின்களும் மடங்கிவிடும்.

மோட்டாரையும் மின்பெட்டியையும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, காயிலுக்கான நுரை திரவத்தைத் தெளித்துச் சற்று நேரம் விட்டேன். பிறகு, காற்று எந்தப் பக்கமிருந்து காயிலுக்குள் நுழைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, வேகம் குறைந்த நீரால் கழுவினேன். அதே பக்கத்திலிருந்து கழுவினால் தூசி இன்னும் ஆழமாகப் போய் அடைத்துக்கொள்ளும். அழுத்தமாக நீர் பீய்ச்சும் இயந்திரத்தை இங்கே பயன்படுத்தவே கூடாது. காகிதம் போன்ற அந்த அலுமினியத் தகடுகள் ஒரே வீச்சில் படுத்துவிடும். ஏற்கெனவே வளைந்திருந்தவற்றை ஃபின் சீப்பால் நிமிர்த்தினேன். மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்ததோடு சரி. மின்இணைப்பைத் துண்டித்த பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், அதைக் கையாளும் பயிற்சி இல்லாதவர்கள் தொடாமல் விடுவதே நல்லது.

அறைக்காற்றைக் குளிர்விக்கும் காயிலான எவாபரேட்டருக்குக் கீழே உள்ள தட்டின் வடிகால் துளைகளில் இலைச்சருகும் பாசியும் சேர்ந்திருந்தன. காயிலில் வியர்க்கும் நீர் இந்தத் துளைகளின் வழியாகத்தான் கூரைக்கு வழிந்தோட வேண்டும். அவை அடைபட்டால் நீர் தட்டு நிரம்பி, ஏசிக்காகக் கூரையில் வெட்டப்பட்ட 14 அங்குலச் சதுரத் திறப்பின் வழியாக உள்ளே சொட்டத் தொடங்கும். அதைக் கண்டதும், ஏசிக்கும் கூரைக்கும் இடையே நீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று பலர் முடிவுகட்டி, ஏசியைத் தாங்கும் நான்கு நீளமான போல்ட்டுகளையும் இறுக்கித் தள்ளிவிடுகிறார்கள். அளவுக்கு மீறி நசுங்கிய கேஸ்கெட் மீண்டும் எழும்பாது. அதன்பின் உண்மையாகவே ஒழுகும். எங்களுடையதில் கேஸ்கெட் சீராக அமர்ந்திருந்தது. துளைகளைத் திறந்து, நீர் ஊற்றி வடிவதைப் பார்த்தபின் போல்ட்டுகளில் கைவைக்கவில்லை.

உண்மையான காரணம் உள்ளேதான் இருந்தது. உட்கூரைப் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, குளிர்ந்த காற்று இறங்கும் வழிக்கும் அறைக்காற்று மேலேறும் வழிக்கும் இடையே இருக்கும் தடுப்பு ஒரு பக்கம் பிரிந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அதனால் குளிர்காற்றில் ஒரு பகுதி அறைக்குள் வராமலே மீண்டும் எவாபரேட்டருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அறை குளிராது, ஆனால் காயில் மட்டும் மேலும் மேலும் குளிர்ந்து பனிக்கட்டி பிடிக்கும். பழைய டேப்பை உரித்து, பசைப்பிசுக்கைத் துடைத்து உலரவைத்த பின், தடுப்பின் விளிம்புகளையும், குழாய்ப்பாதை கூரையைச் சந்திக்கும் மூலைகளையும் அலுமினிய ஃபாயில் டேப்பால் ஒட்டினேன். துணி டேப் இந்த ஈரத்துக்கு நீண்ட நாள் நிற்காது. மேலே செய்த எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்த வேலை இதுதான். கழுத்தை அண்ணாந்தபடியே செய்ய வேண்டியிருந்தது.

ஃபில்டரைச் சோப்புநீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு பொருத்தினேன். அரைமணி நேரம் ஓடவிட்டு, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் தெர்மாமீட்டரால் அளந்தேன். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் ஏசி சரியாக வேலை செய்கிறது என்று கொள்ளலாம். ஈரப்பதம் மிகுந்த நாளில் இது சற்றுக் குறையும். எங்களுக்கு 11 டிகிரி வந்தது. ஒருமுறை நிறுத்தினால், கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமநிலைக்கு வர மூன்று நிமிடமாவது விட்டுத்தான் மீண்டும் போட வேண்டும். பயணக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மட்டும் கழுவினால் போதும். காயிலை அடுத்த பருவத்துக்கு முன்பு திறந்தால் போதுமானது.