விழுங்கியது நாணயமா, பட்டன் பேட்டரியா?

குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "வாழைப்பழம் கொடு, தானாக வெளியே வந்துவிடும்" என்பதுதான். பெரும்பாலும் அப்படி வந்தும் விடுகிறது. இரைப்பையை எட்டிவிட்ட பொருள்களில் மிகப் பல, பழம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், சில நாள்களில் மலத்துடன் வெளியேறிவிடும். ஆனால் அந்தப் பெருமை பழத்துக்குப் போய்விடுவதால், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத பொருள் உள்ளே போயிருக்கும்போதும் நாம் பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கவலை.

அந்தப் பொருள் பட்டன் பேட்டரி. ரிமோட், கார்ச் சாவி, எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, விளக்கெரியும் பொம்மை என வீட்டில் அது இல்லாத அறை இல்லை. சிஆர்2032 என்று பொறித்த வில்லை 20 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிமனும் கொண்டது, சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள அந்த அளவு போதும். பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் மருந்து கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் எதுவும் கசிய வேண்டியதில்லை. உணவுக்குழாயின் ஈரமான சுவர் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டவுடன் மின்னோட்டம் பாய்ந்து, எதிர்மின் (மைனஸ்) முனையின் அருகே ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம் உருவாகிறது. அது 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை ஆழமாக வேகவைத்துவிடக்கூடும். ரிமோட்டுக்குப் பயன்படாது என்று கழற்றி மேசைமேல் வைத்த பழைய பேட்டரியிலும் இந்தக் கேட்டுக்குப் போதுமான மின்னழுத்தம் எஞ்சியிருக்கிறது.

எச்சில் ஒழுகுதல், சாப்பிட மறுத்தல், இருமல், மார்பு வலி ஆகியவை அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே விழுங்கியது என்னவென்று யாரும் கண்ணால் பார்க்காத நிலையில், எக்ஸ்ரே மறுக்கும்வரை அதைப் பேட்டரி என்றே கொள்ள வேண்டும். எக்ஸ்ரே படத்தில் நாணயம் ஒரே விளிம்புள்ள வட்டமாகத் தெரியும். பேட்டரியோ வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாகவும், பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஓரத்தில் ஒரு படிக்கட்டு போலவும் தெரியும்.

பேட்டரி உணவுக்குழாயில் இருந்தால், குழந்தை சற்று முன்புதான் சாப்பிட்டது என்ற காரணத்துக்காகக்கூடத் தாமதிக்காமல், மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தும் எண்டோஸ்கோபி மூலம் உடனே எடுக்கிறார்கள். ஒரு வயதைக் கடந்த, விழுங்க முடிகிற குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரம் ஆகாதிருந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் சுவரில் படிந்து காரத்தின் வேகத்தைக் குறைக்கிறதே தவிர, பேட்டரியை அகற்றுவதற்கு மாற்றாகாது. தேன் தேடிப் புறப்பாட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும், மலமிளக்கி கொடுப்பதும் கூடவே கூடாது.

நாணயத்தின் கதை வேறு. உணவுக்குழாயில் நின்றாலும் குழந்தைக்குத் தொந்தரவு எதுவும் இல்லையென்றால், மருத்துவர் ஒரு நாள் வரை பொறுத்துப் பார்ப்பதுண்டு. இரைப்பைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். காந்தத்தில் எண்ணிக்கைதான் முக்கியம்: இரண்டோ அதற்கு மேலோ உள்ளே போனால், குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடல் சுவரைத் துளைத்துவிடும். திறந்த ஊக்கு போன்ற கூரிய பொருள்களையும், 6 செ.மீ.க்கு மேல் நீளமானவற்றையும் எண்டோஸ்கோபி எட்டும் தொலைவில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. மீன் முள்ளுக்குச் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லும் வழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைக்கக்கூடும்.

பேட்டரியை எடுத்த பின்பும் வெந்த திசு சிதைந்துகொண்டே போகலாம் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. எடுத்த கையோடு அந்த இடத்தை 0.25 விழுக்காடு அசிட்டிக் அமிலக் கரைசலால் கழுவுவது காரத்தை முறிப்பதற்காகத்தான். உணவுக்குழாயை ஒட்டியே மூச்சுக்குழாயும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனியும் இருப்பதால், சில வாரங்கள் கழித்தும் துளை விழுந்து இரத்தம் பெருகக்கூடும். வீடு திரும்பிய குழந்தை சிறிதளவு இரத்தம் வாந்தி எடுத்தாலும், மலம் கருமையாகப் போனாலும், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்று, முன்பு பேட்டரி விழுங்கியதை அங்குள்ள மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.