மொய் மேசைக்கு இடம் போட்டாச்சு

ஜூலை 21, திங்கள்

சிகரெட்டை விடப் பார்க்கிறேன், அதனால் நான்கு ரோடு பக்கம் வழக்கமாக நிற்கிற டீக்கடைக்கு இன்று போகவில்லை. கடைக்காரர் மேல் கோபமெல்லாம் இல்லை, தருமபுரியிலேயே நல்ல டீ அவருடையதுதான், ஆனால் அங்கே கம்பத்தில் கயிறு கட்டி ஒரு பச்சை லைட்டரைத் தொங்கவிட்டிருக்கிறார், தலை நசுங்கிப் போனது, வலது கை கிளாஸை வாங்கினால் இடது கை தானாக அதைத் தேடிப் போகும். பால் பூத்தில் பாதாம் பால் குடித்தேன். சுமார்தான், பரவாயில்லை.

ஜூலை 24, வியாழன்

"மனசு திடமா இருந்தா எங்க நின்னாலும் ஒண்ணும் ஆகாது மச்சான்" என்கிறான் எங்கள் செட்டில் ஒருத்தன், என் மூஞ்சியில் புகையை விட்டுக்கொண்டே. சிகரெட் ஆசை வந்தால் சில நிமிடம்தான் பாடாய்ப்படுத்தும், அப்புறம் தானாக இறங்கிவிடும். அந்தச் சில நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் சில்லறை சிகரெட் கிடைக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் விஷயம், இதில் திடம் எங்கே வந்தது? விட நினைப்பவர்களுக்கான இலவச எண் 1800-11-2356ஐக்கூட பாக்கெட் மேலேயேதான் அச்சடிக்கிறார்கள், அதைப் பார்க்க பாக்கெட்டைக் கையில் எடுக்கணும்!

ஜூலை 29, செவ்வாய்

எங்கள் மாவட்டத்தில் பாறைக்குள் இறங்கிய தண்ணீரில் ஃபுளோரைடு ஏறிவிடும், பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தண்ணீரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது எங்கிருந்து எடுப்பது என்பதைத்தானே மாற்றினார்கள். ஆளுக்கும் அப்படித்தான், யாரோடு இருக்கிறோம் என்பதை மாற்றணும் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர்க்காரர்களையும் அவர்களைச் சேர்ந்தவர்களையும் வைத்து, 12,067 பேரை 1971 முதல் 2003 வரை கவனித்து, 2008இல் ஓர் ஆய்வு வந்தது. கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறதாம், நண்பர் விட்டால் 36, சின்ன ஆபீஸில் கூட வேலை செய்பவர் விட்டால் 34. எங்கள் ஆபீஸும் சின்னதுதான், அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அண்ணன் விட்டு ரொம்ப நாளாகிறது. இன்று அவரோடுதான் சாப்பாடு. ஜிஎஸ்டி பற்றியே பேசினார், முழுசாகப் பேசினார்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

செட் ஒகேனக்கலுக்குக் காரில் கிளம்பியது, "நீ பிடிக்க வேணாம், சும்மா வா" என்றார்கள். சும்மா போய்ச் சும்மா திரும்பியவனை நான் பார்த்ததில்லை. அதே ஒகேனக்கலுக்கு நான் மாமனார் மாமியாரோடு பஸ்ஸில் போனேன், பென்னாகரம் தாண்டியும் நின்றுகொண்டுதான். அவர் முன்னால் பற்றவைக்கும் தைரியம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது, அதற்காகத்தான் நானே கூப்பிட்டேன், அவருக்கோ மாப்பிள்ளை திடீரென்று பாசமாகிவிட்டார் என்று ஒரே சந்தோஷம். வறுத்த மீனில் பெரிய துண்டு எனக்குத்தான்.

ஆவணியில் பங்காளி வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம்தான் செட் கூடும். சித்தப்பாவுக்கு இப்போதே போன் போட்டு, மொய் எழுத நான் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன், பணப்பையை விட்டுவிட்டு நடுவில் எழுந்துபோக முடியாதே.