படிக்கட்டில் ஒரு கதவு

காகிதப் பராமரிப்புக் கூடத்தில் சேர்ந்த இரண்டாம் மாதம், என் மேசைக்கு ஒரு பெரிய அச்சுத்தாள் வந்தது. கிளைவிட்ட ஒரு மரம், கிளைக்குக் கிளை ராஜாக்கள். பின்புறம் யாரோ எப்போதோ துணி ஒட்டியிருந்தார்கள். பசை பழுப்பேறி இறுகிக் கிடந்தது. ஈர ஒத்தடம் கொடுத்துத் துணியை நூல் நூலாகப் பிரிக்க வேண்டும்.

அது தனிப்படம் இல்லை. புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காக ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரரும் கூட்டாளிகளும் காகிதத்தில் செய்த வெற்றி வளைவின் ஒரு துண்டு. 1515 என்று பொறித்திருந்தாலும் அச்சாகி முடிய மேலும் இரண்டு மூன்று வருஷம் ஆனது. 195 மரக்கட்டைகள், 36 தாள்கள். சேர்த்து ஒட்டினால் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம். பழைய ரோமச் சக்கரவர்த்திகள் வெற்றி வளைவைக் கல்லில் கட்டினார்கள். இவருக்கு எப்போதும் காசுத் தட்டுப்பாடு. ஆனால் கல் வளைவு ஓரிடத்தில்தான் நிற்கும்; இதை நூற்றுக்கணக்கில் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பலாம். கெட்டிக்காரர்தான்.

மரத்தின் அடியில், மூன்று இடங்களைப் பெண்ணுருவாக்கிய மூன்று பெண்கள்: ட்ராய், சிகாம்ப்ரியா, பிரான்சியா. மாக்ஸிமிலியனின் ஹாப்ஸ்பர்க் குலம் பழங்கதை நகரமான ட்ராயில் கிளம்பி, பிராங்க் அரசர் குளோவிஸ் வழியாக வந்ததாம். வம்சாவளி எனக்கு நம்பும்படி இல்லை, கோடுகள் அசரவைத்தன. மரச்செதுக்கில், கறுப்பாக விழவேண்டிய கோட்டை விட்டுவிட்டு இருபுறமும் மரத்தை வெட்டி எடுக்க வேண்டும், அதுவும் இடம் வலம் மாற்றி. லென்ஸில் பார்த்தால் ஒரு ராஜாவின் தாடியில் இழை ஒவ்வொன்றும் தனித்து நின்றது. ஓரிடத்தில் மட்டும் கோடு அறுந்திருந்தது. சன்னத் தூரிகையில் மை தொட்டுச் சேர்த்துவிடலாம் என்று கை போய்விட்டது. பக்கத்து மேசை மூத்தவர் மணிக்கட்டைப் பிடித்தார். தாள் கிழிந்திருந்தால் நம் வேலை, கட்டை உடைந்தது கட்டையின் கதை என்றார். காது சுட்டது.

அடுத்து வந்தது வலது அடிப்பக்கத் தாள். அங்கே படிகளில் மூன்று கேடயங்கள்: திட்டம் வகுத்த அரசவைப் பண்டிதர் ஸ்டாபியஸுடையது பெரியது, அரசவை ஓவியர் கோல்டரருடையது அதைவிடச் சிறியது, டூரருடையது எல்லாவற்றிலும் சிறியது. அதில் திறந்த ஒரு கதவு. அவர் அப்பாவின் ஹங்கேரிய ஊர் அய்தோஷ். அந்த மொழியில் கதவுக்கு ‘அய்தோ’. ராஜாவுக்கு ட்ராய், பொற்கொல்லர் மகன் டூரருக்குக் கதவு. எனக்குக் கதவுதான் பிடித்தது. அத்தனை தாடியையும் கட்டையில் வெட்டிய நியூரம்பெர்க் ஹியரோனிமஸ் ஆண்ட்ரேவுக்குக் கேடயமே இல்லை.

பேரரசர் டூரருக்கு வருஷம் 100 கில்டர் மானியம் விட்டிருந்தார். 1519இல் பேரரசர் இறந்ததும், அதைக் கொடுத்துவந்த நியூரம்பெர்க் நகரமன்றம் கையை விரித்தது. புதிய பேரரசர் சார்லஸிடம் அதை உறுதிசெய்துகொள்ள டூரர் 1520இல் நெதர்லாந்துவரை போகவேண்டியிருந்தது.

துணி முழுக்கப் பிரிந்த அன்று, பதிவேட்டில் “தாடி, கீழிருந்து நான்காம் கோடு: கட்டையில் முறிவு” என்று எழுதினேன். தாளை உறிஞ்சுதாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையை ஏற்றினேன்.