எச் 544இல் நான் விட்ட விலாசம்

ஒரு வருட உள்ளகப் பயிற்சி எப்படியிருக்கும் என்று மருத்துவம் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொன்று. சத்திரசிகிச்சைப் பிரிவில் இருந்த ஆறு மாதம் ஒரு குறையுமில்லாமல் போனது. மருத்துவ விடுதியில் (வார்ட்டில்) இருந்த காலம்தான் இன்னும் உறுத்துகிறது.

2024 டிசம்பர். யாழ்ப்பாணத்தில் வெள்ளம் வடிந்த கையோடு வடமராட்சிப் பக்கமிருந்து காய்ச்சலோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிலர் இறந்தும் போனார்கள். என்ன காய்ச்சல் என்று முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில், சேற்றில் இறங்குவதால் தொற்றுவது. அறிவித்தே ஆகவேண்டிய நோய். அப்படி வந்த ஒரு கமக்காரருக்கு, நோயைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்கும் எச் 544 படிவத்தை நிரப்பியது நான்தான். இரவு இரண்டு மணி. அடையாள அட்டையில் இருந்த விலாசத்தை அப்படியே எழுதினேன். தொலைபேசி இலக்கம் எழுதவில்லை. எந்த வயலில் இறங்கினார் என்று கேட்கவுமில்லை.

நாலாம் நாள், படிவத்தை வைத்து வீடு தேடிப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விடுதிக்கே வந்துவிட்டார். என் அப்பாவின் வயதிருக்கும். சப்பாத்தெல்லாம் சேறு.

"டொக்டர், நீங்கள் தந்த விலாசத்தில வீடு பூட்டிக் கிடக்கு. ரெண்டு தரம் போயிட்டன். ஆள் மகளின்ர வீட்டிலயாம் இருக்கிறவர். அது எந்த ஒழுங்கை?"

கட்டிலடிக்குப் போய்க் கேட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று பின்னேரம், அதே வயலில் வேலை செய்த மருமகன் கண் சிவந்து, கெண்டைக்கால் நோவில் நடக்கமுடியாமல் வந்து சேர்ந்தார். என் படிவம் ஒழுங்காகப் போயிருந்தால் நோய் வராமல் தடுக்கக் கொடுக்கும் டொக்ஸிசைக்ளின் குளிசை முன்னமே அவர் கைக்குக் கிடைத்திருக்கலாம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

பயிற்சிக்குப் போகிறவர்களே, சந்தேகம் வந்தவுடனேயே படிவத்தை அனுப்பிவிடுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். இப்போது இருக்கும் வீடு, கிராம சேவையாளர் பிரிவின் ஜே இலக்கம், வீட்டில் ஒருவருடைய போன் நம்பர் மூன்றையும் கேட்டு எழுதுங்கள்.

அப்புறம், பயிற்சி முடிந்ததும் மருத்துவ சபையில் வைத்தியராக நிரந்தரப் பதிவு. இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் போய்க் கொழும்பில் இறங்கினால், பயிற்சிச் சான்றிதழில் ஒரு கையொப்பத்துக்குக் கீழே சீல் இல்லையாம். "சீல் வைச்சுக்கொண்டு வாங்கோ" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தால், கையொப்பம் வைத்த வைத்திய நிபுணர் மாற்றலாகிப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடிக்க ஒன்பது நாள். விடுதியை விட்டு வெளிக்கிட முதலே கையொப்பத்தையும் சீலையும் ஒன்றாகச் சரிபாருங்கள்.

நியமனத்தில், அந்தப் படிவங்கள் வந்துசேரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைத் தெரிவுசெய்தேன். "ஏன் பிள்ளை, ஆஸ்பத்திரி கிடைக்கேல்லையோ?" என்று அம்மா கவலைப்பட்டார். கிடைத்தது, நான்தான் இதைக் கேட்டேன் என்றேன்.

போன கிழமை ஒரு எச் 544 வந்தது. டெங்கு. விலாசம் என்ற இடத்தில் 'கோண்டாவில்' என்று மட்டும் இருந்தது. விடுதிக்குப் போன் எடுத்தேன். எடுத்த பயிற்சி வைத்தியரின் குரலில் நித்திரைக் கலக்கம்.

"கட்டிலடிக்குப் போய்க் கேட்டுச் சொல்லுங்கோ. நான் லைனில நிக்கிறன்."