ஃப்ரம் ஹெட்டர் தானாக மாற ஈமாக்ஸில் பட்ட பாடு

ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பானிலிருந்தே மின்மடல் அனுப்புபவன் நான். நான் கேட்டது பெரிய விஷயமில்லை. அலுவலகத்தில் யாருக்கு எழுதினாலும் ஃப்ரம் (அனுப்புநர்), ரிப்ளை-டு (பதில் போக வேண்டிய இடம்) இரண்டு வரிகளிலும் அலுவலக முகவரி. மற்றவர்களுக்கு என் சொந்த முகவரி. கையால் மாற்றிக்கொண்டிருக்காமல் ஈமாக்ஸே பார்த்துக்கொள்ள வேண்டும். இது ஒழுங்காக நடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஈமாக்ஸுக்குள் மடல் படிக்க, எழுத க்னூஸ் வைத்திருப்பவர்கள் முதலில் போய் நிற்பது போஸ்டிங்-ஸ்டைல்ஸில்தான். எந்த மடலுக்கு எந்த ஹெட்டர் என்று விதி எழுதும் இடம் அது. பொருந்துகிற ஸ்டைல்கள் எல்லாமே வரிசையாக அமலாகும், கடைசியாக வருவதே நிற்கும். அதனால் பொதுவானதை மேலேயும் குறிப்பானதைக் கீழேயும் வையுங்கள். பதில் மடல்கள் உடனே சரியாகிவிட்டன.

வம்பெல்லாம் புது மடலில். கண்ட்ரோல்-எக்ஸ் எம் அழுத்தித் திறந்தால் ஒரு ஸ்டைலும் எட்டிப் பார்க்கவில்லை. எர்ரரும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. அந்த விசை க்னூஸைத் தொடாமல் நேராக மெசேஜ் மோடை, அதாவது ஈமாக்ஸின் மடல் எழுதும் பகுதியை, திறப்பதுதான் காரணம். மெயில்-யூசர்-ஏஜென்ட் என்ற மாறிக்கு க்னூஸ்-யூசர்-ஏஜென்ட் என்று மதிப்புக் கொடுத்த பிறகு ஸ்டைல்கள் வந்தன. ஆனால் அவை ஓடுவது பஃபர், அதாவது மடல் எழுதும் பக்கம், திறக்கும்போது. அப்போது டு வரி காலியாக இருக்கும். யாருக்கு என்றே தெரியாமல் எந்த முகவரியைப் போடும்?

ஆகவே பெறுநரைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையை மடல் போவதற்குச் சற்று முன் ஓடும் மெசேஜ்-சென்ட்-ஹுக்கில்தான் (message-send-hook) வைக்க வேண்டும். இணையத்தில் அதற்கென்று ஒரு ஃபங்ஷன் கிடைத்தது. அழகாக ஓடியது. பிறகு ஒருநாள், நண்பருக்கு எழுதிய மடல் அலுவலக முகவரியிலிருந்து போய்ச் சேர்ந்தது. அந்த மடலில் சிசி வரியே இல்லை. ஆனால் உள்ளே ஒட்டியிருந்த பழைய மடலில் "சிசி:" என்று ஒரு வரி, அதில் அலுவலக முகவரி. ஹெட்டர் வரிகளைப் படித்துத் தரும் மெசேஜ்-ஃபெட்ச்-ஃபீல்ட் அதைத்தான் பிடித்திருக்கிறது! ஹெட்டர் பகுதிக்குள் பஃபரைக் குறுக்காமல் அதைக் கூப்பிட்டால் மடலின் உடலிலும் தேடும். அப்படிக் குறுக்கும் மெசேஜ்-நேரோ-டு-ஹெட்டர்ஸ் இல்லாத எந்த உதாரணத்தையும் நம்பாதீர்கள். இன்னொன்று, ஹெட்டர் சேர்க்கும் மெசேஜ்-ஆட்-ஹெட்டர் ஏற்கெனவே இருக்கும் ஃப்ரம் வரியை மாற்றாது. முதலில் அதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்துவிடுங்கள்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் அலுவலக சர்வர் மடலைத் திருப்பி அனுப்பியது. அனுப்புநர் முகவரிக்கு அனுமதி இல்லையாம். நிர்வாகியிடம் கேட்டதற்கு, "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்தது. சர்வரின் லாகை (பதிவேட்டை) ஒரு பார்வை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: ஃப்ரம் மாறியிருக்கிறது, என்வலப் முகவரி, அதாவது சர்வரிடம் தனியாகச் சொல்லப்படும் அனுப்புநர் முகவரி, பழையதாகவே போகிறது. எம்எஸ்எம்டிபி மாதிரி வெளி நிரல் வழியாக அனுப்புபவர்கள் மெயில்-ஸ்பெசிஃபை-என்வலப்-ஃப்ரம் மாறியை இயக்கிவிட்டு, மெசேஜ்-சென்ட்மெயில்-என்வலப்-ஃப்ரம் மாறிக்கு ஹெட்டர் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும்.

சேமித்து வைத்த பிரதியைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள், என்வலப் அதில் தெரியாது. உங்களுடைய இன்னொரு முகவரிக்கு அனுப்பி, க்னூஸில் கண்ட்ரோல்-யூ, அப்புறம் ஜி அழுத்தினால் மடல் அப்படியே பச்சையாகத் திறக்கும். என்வலப் முகவரியைக் காட்டும் ரிட்டர்ன்-பாத் வரியும் ஃப்ரம் வரியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எனக்கு இப்போது இரண்டும் ஒத்துப்போகின்றன, நிர்வாகியின் தயவில்லாமலே.